நீரிலிருந்து சாலைக்கு: நெடுந்தொலைவு முப்போட்டியில் உடையும் மாற்றமும்

முன்னுரை

நீச்சல் போட்டியில் நீந்துபவரைக் காண்கிறோம். மிதிவண்டிப் போட்டியில் மிதிப்பவரைக் காண்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவரைக் காண்கிறோம். இம்மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் ஓய்வின்றிச் செய்து முடிக்கும் போட்டி ஒன்று உண்டு. டிரையத்லான் எனப்படும் முப்போட்டியே அது. அதில் நீரை விட்டுக் கரையேறி மிதிவண்டியில் ஏறும்வரை சில நிமிடங்களும், மிதிவண்டியை விட்டிறங்கி ஓடத் தொடங்கும்வரை சில நிமிடங்களும் கழிகின்றன. இவற்றை 'மாற்றம்' என்பர். பார்ப்போர் இவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. நான் இக்கட்டுரையில் எழுத எடுத்துக்கொண்டது அந்தச் சில நிமிடங்களையும், அப்போது களையப்படும், உடுக்கப்படும் உடைகளையும் பற்றியே.

"உடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். நூறு மீட்டர் ஓட்டத்தில் உடையில் ஒரு குறை இருந்தால் அத்தொல்லை பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆனால் விடியலில் தொடங்கி இரவுவரை நீளும் போட்டியில், காலையில் காலுறைக்குள் புகுந்த மணல் துகள் ஒன்று கடைசிவரை உடன்வரும். காலை ஏழரை மணிக்குச் செய்த தேர்வின் பயனை இரவு ஏழரை மணிக்கு அனுபவிக்க வேண்டியிருக்கும். இதுவே நெடுந்தொலைவுப் போட்டியின் தனித்தன்மை.

நான் விலங்கியல் மாணவன். எங்கள் கல்லூரியில் பயின்று இப்போது வங்கியொன்றில் பணியாற்றும் மூத்த மாணவர் ஒருவர், கோவாவில் நடக்கும் பாதித்தொலைவுப் போட்டிக்குப் பயிற்சி செய்தார். அவருக்குக் கடிகாரம் பிடிப்பதும் பை அடுக்குவதும் சில மாதங்கள் என் வேலையாக இருந்தன. அப்போது படித்தவற்றையும் பார்த்தவற்றையும் இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

போட்டியின் வரலாறும் அளவும்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் இணைத்த முதல் தற்கால முப்போட்டி 1974-இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில், மிஷன் விரிகுடாவில் நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களுள் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். பின்னர் அவர் ஹவாய்த் தீவுகளில் பணியாற்றியபோது, நீச்சல் வீரர், மிதிவண்டி வீரர், ஓட்ட வீரர் ஆகியோருள் யாருக்கு உடல் திறம் மிகுதி என்ற வாதம் எழுந்தது. அதற்கு விடை காண, ஓவாகு தீவில் அப்போது தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளை அவர் ஒன்றாகச் சேர்த்தார். வைக்கீக்கி கடல் நீச்சல் ஒன்று. தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணம் ஒன்று. ஹோனலூலு மாரத்தான் ஒன்று. 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். 'அயர்ன்மேன்' என்ற பெயர் இவ்வாறு பிறந்தது.

இதில் நம் கருத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பாதை அந்நாளில் 115 மைல். அதில் மூன்று மைலைக் குறைத்தால் மிதிவண்டிப் பயணம் அலோஹா கோபுரத்தருகே முடியும். மாரத்தான் தொடங்கும் இடமும் அதுவே. ஆகவே 112 மைல், அதாவது ஏறத்தாழ 180 கிலோமீட்டர், என்ற அளவு நிலைபெற்றது. இன்றுவரை உலகெங்கும் பின்பற்றப்படும் அந்த அளவு, ஒரு மாற்றத்தின் வசதிக்காக ஏற்பட்டது என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

முழுத்தொலைவுப் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீச்சலும், 180 கிலோமீட்டர் மிதிவண்டியும், 42.2 கிலோமீட்டர் ஓட்டமும் அடங்கும். ஹவாய்ப் போட்டி 1981-இல் ஓவாகுவிலிருந்து பெரிய தீவில் உள்ள கைலுவா-கோனா என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. அங்கே 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. மாற்றத்துக்கென்று தனிக் கடிகாரம் இல்லை. வீரர் கூடாரத்தில் உட்கார்ந்து காலுறை அணியும்போதும் அதே கடிகாரம்தான் ஓடுகிறது. கோவாவில் 2019 அக்டோபரில் முதன்முதலாக நடந்தது இதில் சரிபாதித் தொலைவு கொண்ட போட்டி.

உடைக்குரிய மூன்று கடமைகள்

முப்போட்டி உடைக்கு மூன்று கடமைகள் உண்டு. தோல் உராயாமல் காக்க வேண்டும். உடல் வெப்பத்தைச் சமன்படுத்த உதவ வேண்டும். காற்றின் தடையைக் குறைக்க வேண்டும். விற்பனையாளர்கள் மூன்றாவதைத்தான் முதலில் கூறுகிறார்கள். நெடுந்தொலைவுக்கு நான் எழுதியுள்ள வரிசையே சரியானது என்பது என் கருத்து. அதற்குக் காரணங்களைக் கூறுகிறேன்.

முதலாவது உராய்வு. ஒரு மாரத்தான் ஓட்டத்தில் கால்கள் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் செல்கின்றன. ஒவ்வொரு முறையும் உட்தொடையில் ஒரு தையல் மெல்ல உரசினாலும் போதும், தோல் வழண்டுவிடும். கடல் நீரின் உப்பும் வியர்வையின் உப்பும் சேர்ந்தால் எரிச்சலைச் சொல்லி முடியாது. அக்குள், கழுத்து, தொடை இடுக்கு, மார்புக் காம்பு, மகளிர்க்கு மார்புக் கச்சையின் அடிப்பட்டை படும் இடம் ஆகியவை முதலில் புண்படுபவை. தையல் தட்டையாக உள்ள உடையும், உடலை ஒட்டிய அளவும், புறப்படுமுன் அவ்விடங்களில் தடவும் வாசலினும் இதற்கு மருந்து. தொளதொளவென்ற உடை காற்றோட்டமானது என்று நாம் எண்ணுகிறோம். நனைந்தபின் அது மடிந்து மடிந்து உரசும்.

இரண்டாவது வெப்பம். நம் உடல் குளிர்வது வியர்வை வழிவதால் அன்று; வியர்வை ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மீது முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் உடலுக்கு அந்தப் பயன் இல்லை. நீர் இழப்புதான் மிச்சம். ஆகவே வியர்வையைத் தோலின்மேல் மெல்லியதாகப் பரப்பி, காற்றுக்கு விரைவில் கொடுத்துவிடும் துணி வேண்டும்.

இதைச் சோதிக்க எங்கள் ஆய்வகத் தராசில் ஒரு பருத்திப் பனியனையும் ஒரு பாலியஸ்டர் பனியனையும் நனைத்துப் பிழிந்து எடைபோட்டுப் பார்த்தேன். பருத்தி தன்னுள் நீரை வைத்துக்கொண்டு கனத்தது. நிழலில் உலர்த்தியபோது பாலியஸ்டருக்குப் பின் நெடுநேரம் கழித்தே உலர்ந்தது. வீட்டில் உடுத்தப் பருத்தியைப் போன்ற துணி இல்லை. நீரிலிருந்து எழுந்து ஆறு ஏழு மணி நேரம் மிதிவண்டியில் அமர்வோருக்கு அது பகை. பாலியஸ்டர் அல்லது நைலானுடன், 1958-இல் கண்டறியப்பட்ட ஸ்பாண்டெக்ஸ் என்னும் இழுபடும் இழையைச் சேர்த்து நெய்த துணியே முப்போட்டி உடைக்கு உகந்தது.

மூன்றாவது காற்று. சமதரையில் விரைவாக மிதிவண்டி ஓட்டுபவர் செலவிடும் ஆற்றலில் பெரும் பங்கு காற்றை விலக்குவதற்கே போகிறது. காற்றில் படபடக்கும் சட்டை பாய்மரம் போல் பின்னுக்கு இழுக்கும். இது உண்மையே. ஆனால் காற்றைக் கிழிக்கும் உடை தொடையைக் கிழிக்குமானால், மிதிவண்டியில் சேர்த்த நிமிடங்களை ஓட்டத்தில் வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

நீரில் உடுப்பது

குளிர்ந்த நீரில் நீந்துவோர் 'வெட்சூட்' எனப்படும் ரப்பர் உடையை அணிகின்றனர். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலால் குளிர்ந்த ஏரியில் ஒரு மணி நேரம் நீந்துபவரின் உடல் வெப்பம் இறங்கிவிடும். ரப்பரில் உள்ள நுண்ணிய காற்றறைகள் வெப்பத்தைக் காக்கின்றன. உடலை மிதக்கவும் வைக்கின்றன. மிதப்பதால் விரைவு கூடும். எனவே இதற்கு வரம்பு விதித்துள்ளனர். தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அயர்ன்மேன் போட்டிகளில் நீரின் வெப்பம் 24.5 டிகிரி வரை இருந்தால்தான் பொதுப் பிரிவினர் இதை அணிந்து பரிசுக்கு உரியவராகலாம். தொழில்முறை வீரர்க்கு அவ்வரம்பு 21.9 டிகிரி.

கோனாவின் கடல் வெதுவெதுப்பானது. அங்கே வெட்சூட்டுக்கு இடமில்லை. முப்போட்டி உடையின் மேல் மெல்லிய துணியாலான நீச்சல் மேலுடை ஒன்றை அணிந்து, கரையேறியதும் கழற்றிவிடுகின்றனர். கடல் வெதுவெதுப்பாக உள்ள இடத்தில் போட்டியிடுவோர் வெட்சூட்டுக்குப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதை, சேமிப்பைக் கொண்டு இவ்விளையாட்டில் இறங்க விரும்பும் நம்மைப் போன்றோர் நினைவிற் கொள்வது நலம்.

முதல் மாற்றம்

நீரிலிருந்து எழும் நிமிடத்தில் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் படுத்த நிலையில், பெரும்பாலும் கைகளால் உழைத்த உடல் அது. திடீரென்று நிமிர்ந்து நின்றதும் குருதி கால்களை நோக்கி இறங்குகிறது. மூளைக்குச் செல்லும் குருதி சற்றுக் குறைய, தலை சுற்றும், கால் தள்ளாடும். ஆகையால்தான் கரை நெருங்கும்போது கடைசி நூறு இருநூறு மீட்டரில் கால்களைச் சற்று வேகமாக உதைத்து, அங்கே குருதியோட்டத்தைக் கூட்டிக்கொள்ளுமாறு பயிற்சியாளர்கள் கூறுவர். இந்த நிலையில் உள்ள ஒருவர் நிதானமாகச் சிந்திப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மாற்றத்தைப் பற்றிய அடிப்படை உண்மை இதுவே. சிந்தனையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். அன்று கைகள் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

அதற்கேற்பப் போட்டி அமைப்பாளர்கள் வசதி செய்திருக்கிறார்கள். மிதிவண்டிக்கு ஒரு பையும் ஓட்டத்துக்கு ஒரு பையும் தரப்படும். வீரர் முதல் நாளே அவற்றில் வேண்டியதை நிரப்பி, எண் குறித்த இடத்தில் ஒப்படைத்துவிடுவார். மிதிவண்டியும் முதல் நாளே தாங்கியில் நிறுத்தப்படும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உடை மாற்றும் கூடாரங்கள் உண்டு.

கரையேறியவுடன் வெட்சூட்டை இடுப்புவரை இறக்கிவிட வேண்டும். உள்ளே நீர் இருக்கும்வரை அது வழுக்கிக்கொண்டு வரும். நீர் வடிந்துவிட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சில போட்டிகளில் தொண்டர்கள் நிற்பார்கள். வீரர் தரையில் அமர்ந்து கால்களை நீட்டினால், வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் உரித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கூடாரத்தில் செய்ய வேண்டியவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். உட்கார்ந்துதான் செய்ய வேண்டியவை சில: பாதத்தின் மணலைத் துடைத்தல், விரலிடுக்கை உலர்த்துதல், காலுறையும் காலணியும் அணிதல், வேண்டுமானால் உடை மாற்றுதல். நடந்துகொண்டே செய்யக்கூடியவை சில: கண்ணாடி அணிதல், எண் தாங்கிய இடுப்புப் பட்டியைக் கட்டுதல், தின்பண்டத்தைப் பையில் செருகுதல். நடந்துகொண்டே செய்யக்கூடியதை உட்கார்ந்து செய்வதுதான் வீண் காலம். பாதத்தை உலர்த்துவது வீண் காலம் அன்று. இவ்வேறுபாட்டை அறிந்தவர்க்கு மாற்றத்தின் பாதிப் பாடம் முடிந்தது எனலாம்.

தலைக்கவசத்துக்கு மட்டும் விதியே உண்டு. அதை அணிந்து, தாடைப் பட்டையை மாட்டிய பின்னரே மிதிவண்டியைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். ஏறுவதற்கென்று வரைந்துள்ள கோட்டைத் தாண்டும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். மீறினால் தண்டனை உண்டு.

மிதிவண்டியைத் தேடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரிய போட்டிகளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கும். பக்கத்தில் நிற்கும் சிவப்பு வண்டியை அடையாளமாக வைத்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சிவப்பு வண்டிக்காரர் முன்னரே கரையேறியிருந்தால் அடையாளமும் அவரோடு போய்விடும். கம்பம், வாயில், மரம் போன்ற அசையாத ஒன்றிலிருந்து எத்தனையாவது வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

மிதிவண்டி உடையில் ஒரு முடிவு

மிதிவண்டி வீரரின் காற்சட்டையில் இருக்கையைத் தாங்கும் தடித்த மெத்தை தைக்கப்பட்டிருக்கும். அதை அணிந்து நீந்தினால் பஞ்சு நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அணிந்து ஓடினாலும் இடைஞ்சல். முப்போட்டி உடையிலோ மெத்தை மிக மெல்லியது. நீந்தலாம், மிதிக்கலாம், ஓடலாம். ஒரே உடையில் மூன்றையும் முடிப்பதா, ஒவ்வொன்றுக்கும் மாற்றுவதா என்பதே நெடுந்தொலைவு வீரர் எதிர்கொள்ளும் பெரிய கேள்வி.

ஒலிம்பிக் தொலைவுக்கு, அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, இக்கேள்வி எழுவதில்லை, ஒரே உடைதான். முழுத்தொலைவில் வெற்றிக்காகப் போட்டியிடுவோரும் அப்படியே. ஏழு மணி நேரம் இருக்கையில் அமரப்போகும் சாதாரண வீரரின் நிலை வேறு. தம் உடல் மெல்லிய மெத்தையை எத்தனை மணி நேரம் பொறுக்கும் என்பதைப் பயிற்சியில் அறிந்து அவர் முடிவு செய்ய வேண்டும். முதல் வரிசை வீரரின் படத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

இரண்டாம் மாற்றம்

மிதிவண்டிப் பாதை முடியும் இடத்தில் மற்றொரு கோடு இருக்கும். அதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். வண்டியைத் தாங்கியில் வைத்த பின்னரே தலைக்கவசத்தின் பட்டையை அவிழ்க்கலாம். சில போட்டிகளில் தொண்டர்களே வண்டியை வாங்கிக்கொள்வார்கள். இறங்கியவரின் கால்கள் தம் வசத்தில் இருப்பதில்லை. மணிக்கணக்காக வட்டமாகச் சுழன்ற தசைகள் திடீரென்று உடல் எடையைத் தாங்க வேண்டியுள்ளது. கடைசிச் சில கிலோமீட்டர்களில் இலேசான பல்சக்கரத்துக்கு மாற்றி, கால்களை விரைவாகச் சுழற்றி வந்தால் இத்தொல்லை குறையும்.

இங்கே முதன்மையானது காலுறை. ஈரமும் உராய்வும் சேர்ந்த இடத்தில் கொப்புளம் பிறக்கும். மிதிவண்டியில் வியர்வையும், தலையில் ஊற்றிய நீரும் இறங்கிக் காலுறை நனைந்திருக்கும். உலர்ந்த ஒரு இணையைப் பையில் வைத்திருப்பவர் புண்ணியம் செய்தவர். காலணிக்குக் கயிற்றுக்குப் பதில் இழுபடும் ரப்பர் நாடாவைக் கோத்துவிட்டால் முடிச்சுப் போட வேண்டியதில்லை. தொப்பியை நடந்துகொண்டே அணியலாம். எண் பட்டியை முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் திருப்புவதும் அவ்வாறே.

விநாடிக் கணக்கு

1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த போட்டி உலகப் புகழ் பெற்றது. மகளிருள் முன்னணியில் வந்த ஜூலி மாஸ் என்ற மாணவி எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் வலிமை இழந்து வீழ்ந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். ஜூலி மாஸ் தவழ்ந்து சென்று 29 விநாடிகள் பின்தங்கி முடித்தார். பதினொரு மணி நேரத்துக்கும் மேல் நடந்த போட்டியில் 29 விநாடி! இதைப் படித்ததும், மாற்றத்தில் ஒவ்வொரு விநாடியையும் மிச்சப்படுத்த வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும்.

ஆனால் மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒருவர் காலை உலர்த்திக் காலுறை மாற்ற 2 நிமிடம் செலவிடுகிறார் என்று கொள்வோம். வேறொருவர் அந்த 2 நிமிடத்தை மிச்சப்படுத்தி ஈரக் காலுறையோடு ஓடுகிறார். பத்தாவது கிலோமீட்டரில் கொப்புளம் எழுகிறது. எஞ்சிய 32 கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கூடுதலானால் 16 நிமிடம் போய்விட்டது. இரண்டைச் சேமிக்கப் பதினாறைக் கொடுத்தவர் அவர். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியோர் கூறியது இதற்கும் பொருந்தும். நிதானம் வேறு, சோம்பல் வேறு. கூடாரத்து நாற்காலியில் காரணமின்றி அமர்ந்திருப்பவர்க்கு அந்நாற்காலி நேரம் செல்லச் செல்ல இனிக்கும். ஆகவே பயன் தரும் நிமிடத்தைத் தயங்காமல் செலவிடுக. பயன் தராத விநாடியை விட்டுவிடுக.

வெப்பமும் குளிரும்

உடைத் தேர்வில் தவறினால் இழப்பது நேரம் மட்டுமன்று. கோனாவின் மிதிவண்டிப் பாதை கறுத்த எரிமலைக் கற்பரப்பின் ஊடே, குயின் காஹுமானு நெடுஞ்சாலை வழியாக ஹாவி என்ற ஊர்வரை சென்று திரும்புகிறது. ஓட்டத்தின் ஒரு பகுதியும் அந்நெடுஞ்சாலையிலேயே. மேலே வெயில், கீழே கற்களின் வெம்மை, காற்றில் ஈரப்பதம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாவது குறையும். உடலின் உள்வெப்பம் ஏறும். 2025 அக்டோபரில் அங்கு நடந்த மகளிர் உலகப் போட்டியில், முன்னணியில் இருந்த லூசி சார்லஸ்-பார்க்லேயும் டெய்லர் நிப்பும் கடும் வெப்பத்தினிடையே ஓட்டத்தை முடிக்க இயலாமல் விலகினர். நார்வே நாட்டு சோல்வேக் லோவ்செத் வென்றார். எத்துணைப் பயிற்சி பெற்றவரையும் வெப்பம் விட்டுவைப்பதில்லை. வெளிர்நிற மெல்லிய முழுக்கைத் துணியை நனைத்து அணிதல், கழுத்துப்புறம் மறைக்கும் தொப்பி, உதவி நிலையங்களில் தரும் பனிக்கட்டியை உடைக்குள் இட்டுக்கொள்ளுதல் ஆகியவை அங்கே அலங்காரமல்ல; தற்காப்பு.

இதற்கு நேர்மாறானது 2003-இல் நார்வேயில் தொடங்கிய 'நார்ஸ்மேன்' போட்டி. அதில் விடியற்காலையில் கப்பலிலிருந்து குளிர்ந்த கடற்கழிக்குள் குதிக்க வேண்டும். முடிவு கௌஸ்டாடோப்பன் மலைமேல். அங்கே முதல் மாற்றத்தில் நடுங்கும் விரல்களால் பொத்தான் போடுவதே போராட்டம். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளி உள்ளாடையும் காற்றுத் தடுக்கும் மேற்சட்டையும் கையுறையும் அணியச் செலவிடும் நிமிடங்களை எவரும் வீண் என்று கூறார். மலையேறும் வீரர் மாற்றுடை வைத்த முதுகுப்பையுடனும் ஒரு துணைவருடனும்தான் செல்ல வேண்டும். அப்போட்டியில் பதக்கம் இல்லை. மலையுச்சியில் முடிப்போர்க்குக் கறுப்புச் சட்டை ஒன்றுதான் பரிசு. உடையின் அருமையை அறிந்தவர்கள் அமைத்த பரிசு போலும்!

இவ்விரண்டு போட்டிகளிலும் தொலைவு ஒன்றே. ஆனால் ஓரிடத்தில் உயிர் காக்கும் உடை மற்றோரிடத்தில் உயிர்க்குக் கேடு. சிறந்த உடை எது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. இந்த நீருக்கு, இந்த வெயிலுக்கு, இந்த உடலுக்கு எது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ஒத்திகை

எங்கள் மூத்த மாணவர் விலையுயர்ந்த உடை எதுவும் வாங்கவில்லை. ஒரே ஒரு முப்போட்டி உடையை வாங்கி, அதிலேயே நீந்தினார், மிதித்தார், ஓடினார். ஞாயிறுதோறும் காலையில் நகராட்சி நீச்சல் குளத்தில் நீந்திவிட்டு, வாயிலில் நான் பிடித்துக்கொண்டு நிற்கும் மிதிவண்டியை நோக்கி வருவார். திண்ணையில் ஒரு துண்டு விரித்து, பொருள்களை அணியும் வரிசையிலேயே நான் அடுக்கி வைத்திருப்பேன். முதல் வாரங்களில் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அடுத்தது எது என்று நின்று யோசிப்பார். நாளடைவில் யோசிப்பது நின்றது. கைகள் தாமே சென்றன. புதிய காலுறையோ புதிய காலணியோ வாங்கினால், நீண்ட பயிற்சி ஒன்றில் அணிந்து பார்த்த பின்னரே அதைப் போட்டிக்குரியது என்று ஒதுக்குவார். "போட்டி நாளில் என் உடம்பில் புதியது எதுவும் இருக்கக்கூடாது" என்பது அவர் எனக்குக் கற்பித்த பாடம். கோவாவுக்குப் புறப்படுமுன் இரண்டு பைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கையால் துழாவியே அவர் சரிபார்த்ததைக் கண்டேன்.

முடிவுரை

இவ்விளையாட்டுக்கு மிதிவண்டிக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் பெருஞ்செலவு ஆகிறது. நம்முள் பலருக்கு அது இப்போது எட்டாதது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் மாற்றம் கற்றுத் தரும் பாடத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு வேலையை முடித்து மறு வேலையைத் தொடங்கும் இடைவெளியில்தான் நாம் பெரும்பாலும் தடுமாறுகிறோம். தேர்வுக்கூட மணி அடித்தபின் பேனாவில் மை இருக்கிறதா என்று உதறிப் பார்க்கும் மாணவருக்கும், கரையேறியபின் காலுறையைத் தேடும் வீரருக்கும் வேறுபாடு அதிகமில்லை.

களைத்த நேரத்தில் அறிவு உதவாது, பழக்கமே உதவும். அந்தப் பழக்கத்தை, அறிவு தெளிவாக இருக்கும் நேரத்திலேயே உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாலை அமைதியாக அமர்ந்து ஒரு பையை அடுக்குபவர், மறுநாள் களைத்துத் தள்ளாடி வரப்போகும் தமக்கே உதவி செய்கிறார். நம் கல்லூரியிலிருந்தும் ஒருநாள் ஒரு மாணவரோ மாணவியோ கோனாவின் கரையில் நிற்கக்கூடும். அவருடைய பையில் உலர்ந்த காலுறை ஓர் இணை இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.